பீரங்கி ரெஜிமெண்டின் பேரப்பிள்ளைகளும் சயாமுக்குப் போன நம்மவர்களும்

'குவாய் நதியின் மேல் பாலம்' படத்தை நம்மில் பலர் எப்போதாவது பார்த்திருப்போம். 1957-இல் வந்த ஹாலிவுட் படம். ஏழு ஆஸ்கர் வாங்கியது. கிழிந்த சட்டையும் ஓட்டை பூட்ஸுமாக, சீழ்க்கை அடித்துக்கொண்டே அணிவகுத்து வரும் ஆங்கிலச் சிப்பாய்களை ஒரு தடவை பார்த்தால் மறக்காது. கதை நடப்பது தாய்லாந்தில். படம் எடுத்தது இலங்கையில், கித்துல்கல என்ற ஊரில். அலெக் கின்னஸ் நடித்த கர்னல் நிக்கல்சன், ஜப்பானியரிடம் கைதியாக இருந்துகொண்டே அவர்களுக்கு ஓர் உறுதியான பாலத்தைக் கட்டிக்கொடுப்பதைத் தன் கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வார். பாலம் நன்றாக வரவேண்டும் என்பதில் ஜப்பானியரைவிட அவருக்கு அக்கறை அதிகம்!

நிஜத்தில் அந்த இடத்தில் இருந்தவர் ஒரு பீரங்கிப்படை அதிகாரி. பெயர் ஃபிலிப் டூஸி, லெப்டினன்ட் கர்னல். பிரிட்டிஷ் ராயல் ஆர்ட்டிலரியின் 135-வது ஃபீல்ட் ரெஜிமெண்டின் தலைவர். அவருக்கும் படத்தில் வரும் கர்னலுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவருடைய ஆட்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த வேலையை அவருடைய பேத்தி எடுத்துக்கொண்டார்.

அந்த மாதிரிக் குடும்பங்களைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் குடும்பக் கதை நமக்கு எதற்கு என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால், அது நம் வீட்டுக் கதையில் வந்து நிற்பது தெரியும்.

ஓர் ஊர், இரண்டு ரெஜிமெண்ட்

முதலில் ஒரு ஃபீல்ட் ரெஜிமெண்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அந்தக் காலத்துக் கணக்கில் 24 பீரங்கிகள், மூன்று பேட்டரிகள், ஒவ்வொரு பேட்டரிக்கும் எட்டு பீரங்கி. பீரங்கிக்கு '25 பவுண்டர்' என்று பெயர். சுமார் 11 கிலோ குண்டை 12 கிலோமீட்டர் தூரம் வீசக்கூடியது. ஒரு பீரங்கியைச் சுற்றி ஆறு பேர். இந்த ஆறு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தூங்கி, ஒன்றாகக் காது செவிடாகிறவர்கள்.

135-வது ரெஜிமெண்ட், ஹெர்ட்ஃபோர்ட்ஷைர் யோமன்ரி என்ற பழைய பெயரைச் சுமந்த டெரிட்டோரியல் படை. அதாவது முழுநேரச் சிப்பாய்கள் கிடையாது. வாரநாளில் கடையிலும் ஆபீஸிலும் வயலிலும் வேலை, மற்ற நேரத்தில் கவாத்து. டூஸியே லிவர்பூலில் வங்கி ஊழியர்தான். இப்படிப்பட்ட படையில் ஒரே தெருக்காரன், ஒரே பள்ளிக்கூடத்துக்காரன், அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று எல்லாரும் சேர்ந்தே இருப்பார்கள். ரெஜிமெண்டுக்கு ஒன்று ஆனால் ஊருக்கே ஆன மாதிரி.

1939-இல் யுத்தம் வரப்போகிறது என்று தெரிந்ததும் பிரிட்டன் தன் டெரிட்டோரியல் படையை இரட்டிப்பாக்கியது. ஹெர்ட்ஃபோர்ட்ஷைரின் 86-வது ரெஜிமெண்டை இரண்டாகப் பிரித்து, அதிலிருந்து 135-வது ரெஜிமெண்டை உருவாக்கினார்கள். யார் இந்தப் பக்கம், யார் அந்தப் பக்கம் என்பது அன்றைக்குப் பெரிய விஷயமாக யாருக்கும் தோன்றியிருக்காது. 86-வது ரெஜிமெண்ட் 1944 ஜூன் 6-ஆம் தேதி நார்மண்டிக் கரையில் இறங்கியது. உலகம் முழுக்கக் கொண்டாடும் 'டி-டே'. 135-வது ரெஜிமெண்ட் சிங்கப்பூருக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்தடுத்த வீட்டுப் பையன்களில் ஒருவனுக்குப் பேரப்பிள்ளைகளிடம் சொல்ல ஒரு வெற்றிக் கதை கிடைத்தது. இன்னொருவனுக்கு வாயைத் திறக்கவே முடியவில்லை.

அகமத்நகர் வழியாகச் சிங்கப்பூர்

135-வது ரெஜிமெண்ட் இருந்தது 18-வது டிவிஷனில். அந்த டிவிஷன் 1941 அக்டோபர் கடைசியில் பிரிட்டனிலிருந்து கப்பல் ஏறியபோது மத்திய கிழக்குப் பாலைவனத்துக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் போய், அமெரிக்கக் கப்பல்களுக்கு மாறி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கேப்டவுனை நெருங்கும்போது ஜப்பான் யுத்தத்தில் குதித்துவிட்டது. கப்பல்களின் திசை மாறியது.

டிவிஷனின் பெரும்பகுதி 1941 டிசம்பர் கடைசியில் பம்பாயில் இறங்கி, சில வாரம் அகமத்நகரில் தங்கியது. நான் இருக்கும் புனேயிலிருந்து 120 கிலோமீட்டர்தான். 2024-இல் ஊர்ப்பெயர் அகில்யாநகர் ஆகிவிட்டது. ராணுவ டாங்கிகளுக்கான மியூசியம் பார்க்கவும், ஷீரடி போகிற வழியிலும் நம்மவர்கள் எத்தனையோ பேர் அந்த ஊரைத் தாண்டிப் போயிருப்போம். சுமார் இரண்டு மாதம் கப்பலில் கிடந்து கால் மரத்துப்போன பையன்கள் அங்கே நடைபழகினார்கள். மலேயாக் காட்டில் சண்டை போடுவதற்கான பயிற்சி எதுவும் அவர்களுக்குக் கிடையாது.

1942 ஜனவரி 23-ஆம் தேதி பம்பாயிலிருந்து கிளம்பிய கப்பல்களில் ஒன்று 'எம்ப்ரஸ் ஆஃப் ஏஷியா'. அதில் இதே டிவிஷனைச் சேர்ந்த இன்னொரு பீரங்கிப் படை, 125-வது டாங்கி எதிர்ப்பு ரெஜிமெண்ட். இங்கிலாந்தின் சண்டர்லாந்து என்ற கப்பல் கட்டும் ஊர்க்காரர்கள். பிப்ரவரி 5-ஆம் தேதி சிங்கப்பூரை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் ஜப்பானிய விமானங்கள் கப்பலைக் குண்டு போட்டு எரித்துவிட்டன. 'யாரா' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ஒன்று மட்டும் 1,804 பேரைக் காப்பாற்றியது. ஆட்கள் பெரும்பாலும் தப்பினார்கள், ஆனால் பீரங்கிகள் கடலோடு போயின. பீரங்கி இல்லாத பீரங்கிப் படைக்குக் கையில் துப்பாக்கியைக் கொடுத்துக் காலாட்படையாக நிறுத்தினார்கள். பத்தே நாள். பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது.

சரணடைவதற்கு மூன்று நாள் முன்னால், பிப்ரவரி 12 அன்று, தப்பிப் போகவேண்டியவர்களின் பட்டியலில் டூஸியின் பெயரைச் சேர்த்து உத்தரவு வந்தது. ஆட்களை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். இது அவருடைய ரெஜிமெண்டுக்காரர்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

(இந்தியச் சிப்பாய்களைத் தனியாகப் பிரித்து ஃபேரர் பார்க் மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஐ.என்.ஏ. கதை ஆரம்பிக்கிறது. அது பெரிய கதை, தனியாகத்தான் எழுதவேண்டும்.)

பாலத்தின் நிஜக் கதை

1942 அக்டோபரில் டூஸி தாய்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அரிசி ஏற்றும் இரும்பு வேகனில் முப்பது பேர் வீதம் அடைத்து, ஐந்து நாள் பயணம். ஜப்பானியர்களுக்குத் தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை வேண்டியிருந்தது. கடல் வழியே பர்மாவுக்குச் சாமான் அனுப்புவது ஆபத்தாக இருந்ததால் இந்தத் தரைவழி. அந்தப் பாதையில் காஞ்சனாபுரி பக்கத்தில் தாமார்கான் முகாம். அங்கே ஆற்றுக்குக் குறுக்கே முதலில் ஒரு மரப்பாலம், பிறகு ஜாவாவிலிருந்து கொண்டுவந்த 11 வளைவுச் சட்டங்களை வைத்து ஓர் இரும்புப் பாலம். அந்த முகாமில் கைதிகளுக்கெல்லாம் மூத்த அதிகாரி டூஸி.

வேலை செய்ய மறுத்தால் ஆட்களைக் கொன்றுவிடுவார்கள். செய்தால் எதிரிக்கு உதவி. இந்த இரண்டுக்கும் நடுவில் தன் ஆட்களை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதுதான் அவர் பார்த்த வேலை. உணவுக்கும் மருந்துக்கும் ஓய்வுக்கும் ஜப்பானியரிடம் தினமும் வாதாடி, அதற்காக அடியும் வாங்கியிருக்கிறார். இன்னொரு பக்கம், கரையான்களைப் பிடித்துவந்து மரத்தூண்களில் விடுவது, கான்கிரீட்டைக் கலவை கெட்டுப்போகும்படி கலப்பது என்று அவருடைய ஆட்கள் கைவரிசையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். படத்தில் வரும் கர்னல் இதைக் கேட்டிருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார்!

1945-இல் விடுதலை ஆனபோது சுமார் 79 கிலோ இருந்த மனிதர் 48 கிலோ ஆகியிருந்தார். உடனே ஊர் திரும்பாமல், காட்டு முகாம்களில் சிதறிக் கிடந்த தன் ஆட்களைத் தேடிக்கொண்டு கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் போனார். இன்னொன்றும் செய்தார். தாமார்கானில் ஓரளவு மனிதத்தன்மையோடு நடந்துகொண்ட சைத்தோ என்ற ஜப்பானிய சார்ஜெண்ட் மேஜருக்காகப் பரிந்து பேசினார். டூஸி 1975-இல் இறந்தார். 1984-இல் அந்த சைத்தோ இங்கிலாந்து வந்து அவர் கல்லறையில் வணங்கிவிட்டுப் போனார்.

படம் வந்தபோது பழைய கைதிகள் கொதித்தார்கள். நீங்கள் பேசுங்கள் என்று டூஸியை நெருக்கினார்கள். பல வருடம் கழித்துத்தான், அதுவும் தன் காலத்துக்குப் பிறகே வெளியிடவேண்டும் என்று சொல்லி, ஒலிநாடாக்களில் மணிக்கணக்காகப் பேசி வைத்தார். அந்த ஒலிநாடாக்களும் மற்ற காகிதங்களும் சாட்சிகளும் இருந்ததால்தான் அவர் பேத்தி ஜூலி சம்மர்ஸ் 2005-இல் அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுத முடிந்தது.

வீட்டுக்குள் வந்த மௌனம்

கர்னலுக்குப் புத்தகம் எழுத ஒரு பேத்தி இருந்தார். சாதாரண கன்னர்களின் வீடுகளில் என்ன நடந்தது?

முதலில், காத்திருப்பு. சிங்கப்பூர் விழுந்த பிறகு 'காணவில்லை' என்று ஒரு தகவல். அவன் உயிரோடு கைதியாக இருக்கிறான் என்பது தெரிய ஒரு வருஷத்துக்கும் மேல் ஆன வீடுகள் உண்டு. வீட்டிலிருந்து எழுதுகிற கடிதம் 25 சொற்களுக்கு மேல் போகக்கூடாது என்று பிறகு ஒரு கட்டுப்பாடு. அவன் பக்கத்திலிருந்து, முன்பே அச்சடித்த வாக்கியங்களில் பெயரை மட்டும் நிரப்பிய அட்டை. மூன்றரை வருஷத்தில் இப்படி நாலைந்து அட்டை வந்த வீடு அதிர்ஷ்டமான வீடு.

பிறகு, திரும்பி வந்தவனின் மௌனம். விடுதலையான கைதிகள் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். நாக்கை அடக்கிக்கொள்ளுங்கள், பார்த்ததையெல்லாம் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லவேண்டாம், இறந்துபோனவர்களின் குடும்பங்கள் படித்தால் தாங்கமாட்டார்கள் என்ற பொருளில். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் ஒரு தலைமுறையே அதை வாழ்நாள் உத்தரவாக எடுத்துக்கொண்டது. அப்பா ராத்திரியில் கத்துவார், ஏன் என்று கேட்கக்கூடாது. வீட்டில் அரிசி சமைக்கக்கூடாது. தட்டில் மிச்சம் வைத்தால் கோபம் வரும். இப்படித்தான் அந்தப் பிள்ளைகள் தங்கள் அப்பாக்களை நினைவு வைத்திருக்கிறார்கள். கதை கிடைக்கவில்லை, பழக்கங்கள் மட்டும் கிடைத்தன.

உடம்பும் ஞாபகம் வைத்திருந்தது. தாய்லாந்துக் காட்டு மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே உடம்புக்குள் போன ஒருவகைக் குடல்புழு, முப்பது நாற்பது வருஷம் கழித்தும் இவர்களின் உடம்பில் உயிரோடு இருந்ததை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். இடுப்பிலும் முதுகிலும் அவ்வப்போது அரிப்பும் தடிப்பும் வந்து போகும். அதற்குக் காரணம் யுத்தம் என்று பல வருஷம் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஆராய்ச்சிக்குப் பின்னால் நின்று தூண்டியவர்களில் டூஸியும் ஒருவர். 1999 வரைக்கும் பழைய கைதிகள் அந்தக் கல்லூரிக்கு வந்து பரிசோதனை செய்துகொண்டார்கள்.

அப்பாக்கள் ஒவ்வொருவராகப் போன பிறகுதான் பிள்ளைகள் தேட ஆரம்பித்தார்கள். 1997-இல் தூரகிழக்குப் போர்க்கைதிகளின் பிள்ளைகளும் குடும்பத்தாரும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். பணம் திரட்டி, 2005 ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஸ்டாஃபோர்ட்ஷைரில் ஒரு நினைவுக் கட்டடத்தையே திறந்தார்கள். அந்த ரயில் பாதையின் அசல் தண்டவாளத்தில் ஒரு துண்டும் அதன் பக்கத்தில் இருக்கிறது. 1950-களில் ஒரு கைதிக்கு 76 பவுண்டு கொடுத்துக் கணக்கை முடித்திருந்த அரசாங்கம், விடாத போராட்டத்துக்குப் பிறகு 2000-இல் உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும், இறந்தவர் என்றால் அவர் மனைவிக்கும், 10,000 பவுண்டு கொடுத்தது.

காகிதம் இருந்தது

இந்தப் பிள்ளைகள் தேடினபோது அவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது.

ரெஜிமெண்ட் என்றால் ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. ஒவ்வொருவனுக்கும் ஒரு எண். அந்த எண் வேறு எவனுக்கும் கிடையாது. லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனால், ஜப்பானியர்கள் ஒவ்வொரு கைதிக்கும் எழுதி வைத்த அட்டை இருக்கிறது. பெயர், பதவி, பிடிபட்ட இடம், தேதி, ஊர், செய்த தொழில். அதோடு அப்பா பெயர், அம்மா பெயர். யோசித்துப் பாருங்கள், பட்டினி போட்டு வேலை வாங்கிய எதிரி, அவனுடைய அம்மாவின் பெயரை எழுதி வைத்திருக்கிறான்! இது தவிர, விடுதலையானதும் கைதிகளே நிரப்பிக் கொடுத்த வினாத்தாள்களும் அங்கே உண்டு. எந்தெந்த முகாமில் எப்போது இருந்தேன், என்ன பார்த்தேன் என்று அவர்கள் கையெழுத்திலேயே.

கல்லறைகளைப் பாருங்கள். முகாம்களில் இறந்தவர்களைப் புதைத்த இடத்தைக் கைதிகள் ரகசியமாகக் குறித்து வைத்தார்கள். மாட்டிக்கொண்டால் அடி உதை. மூங்கிலுக்குள்ளும் பாட்டிலுக்குள்ளும் வைத்து மண்ணில் புதைத்து அந்தக் குறிப்புகளைக் காப்பாற்றினார்கள். யுத்தம் முடிந்த சில வாரங்களில், 1945 செப்டம்பரிலேயே, ஒரு தேடும் குழு அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு பாதை முழுக்கப் போனது. 144 புதைகுழி இடங்கள், 10,549 கல்லறைகள். கண்டுபிடிக்க முடியாமல் போனவை வெறும் 52.

பிறகு அவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தினார்கள். காஞ்சனாபுரி கல்லறைத் தோட்டத்தில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்ட காமன்வெல்த் வீரர்கள். குட்டையான கல் மேடை, அதன்மேல் வெண்கலத் தகடு. பெயர், எண், ரெஜிமெண்ட், இறந்த தேதி, வயது. கடைசியில் வீட்டார் சொல்லி எழுதிய ஒரு வரி. 2003-இலிருந்து அந்தத் தோட்டத்தின் பக்கத்திலேயே தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம் என்ற மியூசியமும் இருக்கிறது. தாத்தாவின் பெயரோடு ஒரு பேரன் போனால், அவர் எந்த முகாமில் இருந்தார் என்று பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

அதே பாதையில் நம்மவர்கள்

இப்போது நம் கதை. அந்தப் பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரக் கைதிகள் சுமார் 60,000 பேர். இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில் என்று மதிப்பிடுகிறார்கள். இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது ஒரு கணக்கு. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் உண்டு. மலேயாவிலிருந்து மட்டும் 75,000-க்கும் மேல் போனார்கள். அதில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள்.

தினக்கூலி ஒரு டாலர், சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆள் சேராதபோது தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். இலவச சினிமா என்று கூப்பிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றினார்கள் என்று மலேசியத் தமிழ்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பெண்டாட்டி பிள்ளைகளோடு போனவர்களும் இருந்தார்கள்.

கன்னர்கள் கைதியாகப் போனபோதும் படையாகவே போனார்கள். அதிகாரி உண்டு, டாக்டர் உண்டு, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று கண்டித்துச் சொல்ல ஆள் உண்டு. நம்மவர்களுக்கு இது எதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்துப்போனார்கள். நிலைமை கைமீறிப்போய், அந்த வருஷம் சிங்கப்பூர் சாங்கி முகாமிலிருந்து கைதி டாக்டர்களையும் மருத்துவ உதவியாளர்களையும் 'கே ஃபோர்ஸ்', 'எல் ஃபோர்ஸ்' என்று இரண்டு குழுக்களாகத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்களும் மற்றக் கைதிகளும் எழுதிய குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது: பக்கத்து முகாமில் தமிழர்கள், கவனிக்க ஆளில்லாமல் கிடக்கிறார்கள். ஒருத்தருடைய பெயரும் அதில் இல்லை. எழுதியவருக்குத் தெரிந்திருக்க வழியும் இல்லை.

1990-இல் காஞ்சனாபுரியில் ஒரு கரும்பு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வந்தன. ஆசியத் தொழிலாளர்கள் என்று சொன்னார்கள். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. எண் இல்லை, தகடு இல்லை, பாட்டிலுக்குள் வைத்த குறிப்பு இல்லை.

எங்கள் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. என் அப்பாவின் சித்தப்பா. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பேராக்கில் ஒரு தோட்டத்துக்குப் போனவர். 1941-இல் கடைசிக் கடிதம். யுத்தம் முடிந்து திரும்பி வந்த ஊர்க்காரர் ஒருவர், "சயாமுக்கு லைன் போடக் கொண்டு போனாங்க, அப்புறம் பார்க்கலை" என்று சொன்னாராம். அவ்வளவுதான் எங்களிடம் இருக்கும் ஆவணம். இறந்த தேதி தெரியாததால் அவருக்குத் திதி கிடையாது. புரட்டாசி மகாளய அமாவாசை அன்று எல்லாரோடும் சேர்த்து அவருக்கும் படையல். அந்த ஒரு வாக்கியமும் ஒரு கவளம் சோறும்தான் எழுபது எண்பது வருஷமாக அவரை எங்கள் வீட்டில் வைத்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாக்கியத்தை அப்பாவுக்குப் பிறகு யார் சொல்வார்கள்?

மலேசியாவில் இதைப் பற்றித் தமிழில் நாவல்கள் வந்திருக்கின்றன. உயிரோடு திரும்பியவர்களைத் தேடிப் பேட்டி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். 2023 மே மாதம் காஞ்சனாபுரியில் தாய்லாந்துத் தமிழர்கள் முயற்சியில் ஒரு நடுகல் வைத்தார்கள். தமிழ்நாடு அரசும் அதற்கு நிதி கொடுத்தது. பெயர் தெரியாதவர்களுக்கு நம் வழக்கப்படி ஒரு கல். நல்ல காரியம். அந்தக் கல்லில் எழுதப் பெயர்கள் வேண்டுமானால், அவை நம் வீடுகளிலிருந்துதான் போகவேண்டும்.

நாம் செய்யக்கூடியது

புனே, மும்பை, டெல்லி, கொல்கத்தா என்று சிதறியிருக்கிற நம் குடும்பங்களில் இரண்டு வகையான ஞாபகங்கள் இருக்கும். ஒன்று, பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள். அவர்களுக்குக் காகிதம் உண்டு. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டு இலவசமாகத் தேடலாம். இந்திய ராணுவத்தில் இறந்தவர்களுக்கு அப்பா பெயர், மனைவி பெயர், ஊர்ப்பெயர்கூடப் பல இடங்களில் இருக்கும். திருநெல்வேலி, தஞ்சாவூர் எல்லாம் பழைய ஆங்கில உச்சரிப்பில் எழுதியிருப்பார்கள், இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பாருங்கள். சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தில் மட்டும் கல்லறை இல்லாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர் பொறித்திருக்கிறது. அதில் இந்தியர்கள் ஏராளம்.

இன்னொன்று, மலேயாவுக்கும் பர்மாவுக்கும் கூலிக்குப் போய்த் திரும்பாதவர்கள். அவர்களுக்குப் பட்டியலை நாம்தான் எழுதவேண்டும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் கேளுங்கள். பெயர் என்ன, வீட்டில் கூப்பிட்ட பெயர் என்ன? எந்தத் தோட்டம்? கூட்டிக்கொண்டு போன கங்காணி யார்? கடைசிக் கடிதம் எந்த வருஷம்? செய்தி கொண்டுவந்தது யார்? பழைய டிரங்குப் பெட்டியில் மணியார்டர் ரசீது, கடித உறை, வாழைமரப் படம் போட்ட ஜப்பான் காலத்துப் பத்து டாலர் நோட்டு ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உறையில் இருக்கும் தபால் முத்திரை ஒன்றே தோட்டத்தின் பெயரைச் சொல்லிவிடலாம்.

கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுங்கள், சொன்னவர் பெயரோடு. தமிழ் படிக்கத் தெரியாமல் வளரும் நம் பிள்ளைகளுக்காக இந்தியிலோ இங்கிலீஷிலோ ஒரு பிரதியும் எழுதி வையுங்கள். ஹெர்ட்ஃபோர்ட்ஷைரிலும் சண்டர்லாந்திலும் அந்தப் பிள்ளைகள் தங்கள் அப்பாக்களைத் தேடத் தொடங்கியபோது அப்பாக்கள் பாதிப்பேர் போய்விட்டிருந்தார்கள். ஆனாலும் அவர்களுக்காக அட்டையும் பட்டியலும் காத்துக்கொண்டிருந்தன. நமக்கு அது கிடையாது. நம்மிடம் இருப்பதெல்லாம் எண்பது, தொண்ணூறு வயதில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஓர் அத்தையோ பெரியப்பாவோதான். இந்தத் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ரயில் டிக்கெட் கிடைத்தால், பட்சணத்தோடு ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு போங்கள்.